தந்தையும் தீர்ப்பும்

தந்தையை எடைபோடும் உரிமை மகனுக்கு உண்டா? தந்தை சொல்லை மந்திரமாகக் கொள்ளும்படி பயிற்றப்பட்ட நமக்கு, இவ்வினாவை எழுப்புவதே குற்றமெனத் தோன்றக்கூடும். ஆயினும், எந்தக் குழந்தையும் தன் தந்தையைக் கணித்துக்கொண்டேதான் வளர்கின்றது. வாய்திறந்து சொல்வதில்லை, அவ்வளவே.

சொல்லத் துணிந்தவர் பிராக் நகரத்து எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா. 1919ஆம் ஆண்டில், தமது 36 வயதில், தந்தை ஹெர்மனுக்கு அவர் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கடிதமொன்றை எழுதினார். அது தந்தையின் கையைச் சேரவேயில்லை. 1952ஆம் ஆண்டிலேயே முழுமையாக அச்சேறியது.

குழந்தைப் பருவத்தில் ஓரிரவு தண்ணீர் கேட்டு ஓயாது சிணுங்கிய தம்மைத் தந்தை தூக்கிச் சென்று, மாடி விறாந்தையில் இரவுடையோடு நிற்கவிட்டுக் கதவைச் சாத்தியதை அதிலே அவர் நினைவுகூர்கின்றார். தண்ணீர் கேட்டதற்கும் அத்தண்டனைக்கும் உள்ள தொடர்பு அக்குழந்தைக்கு விளங்கவேயில்லை. காரணம் கூறாத அதிகாரமாகவே தந்தை அதன் கண்ணுக்குத் தெரிந்தார்.

பின்னர், தந்தையின் கடையில் மகன் இன்னொன்றைக் கண்டான். தந்தை ஊழியரை ஏசினார். சம்பளம் வாங்கும் பகைவர் என்றார். நோயுற்ற ஊழியர் ஒருவரையும் இழித்துரைத்தார். வீட்டிலே தன்னை நடுங்கவைத்த குரலே அங்கும் ஒலிப்பதைக் கேட்ட மகன், ஊழியர் பக்கமே தன் பக்கமென உணர்ந்தான்.

ஆனால், அந்தத் தந்தை யார்? கிராமத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகன். ஏழு வயதிலேயே கைவண்டியுடன் ஊரூராக அலைந்தவர். போதிய குளிராடையின்றிக் கால்களில் ஆறாத புண் சுமந்தவர். பட்ட துன்பத்தைப் பிள்ளைகள் தமக்குச் செலுத்தவேண்டிய கடனாகவே அவர் சொல்லிக்காட்டினார் என்பது மகனின் குறை. வண்டி தள்ளிய சிறுவனை நோயுற்ற ஊழியரிடத்தில் அவர் காணவில்லை. அடங்குபவன், அடக்குபவன் என்ற இரண்டு இடங்களையே அச்சமுதாயம் அவருக்குக் காட்டியிருந்தது. ஒன்றிலிருந்து தப்பியவர் மற்றதில் அமர்ந்தார்.

இதை அறிவதனால் கொடுமை நியாயமாகிவிடாது. கதவுக்கு வெளியே நின்ற குழந்தையின் துயரம் துயரமே. எனினும், வெறுப்பு நீதியாக மாறத் தொடங்குவது இங்கேதான். தம் குற்றச்சாட்டுகளுக்குத் தந்தை என்ன மறுமொழி கூறக்கூடும் என்பதையும் கடிதத்தின் முடிவில் காஃப்காவே எழுதுகின்றார். அம்மறுமொழி அவரையே சுடுகின்றது.

ஆகவே, தீர்ப்புரைக்கும் உரிமை மகனுக்கு உண்டு. தந்தையின் காலிலிருந்த புண்ணையும் பார்த்த பின்னரே அவன் அதனை வழங்கவேண்டும்; தான் நின்ற விறாந்தையில் இன்னொரு குழந்தையை நிறுத்துவதில்லை என்ற உறுதியோடு வழங்கவேண்டும்.