ஊதியதால் வந்த ஈரம்



இன்று நவம்பர் 22, புனித செசிலியா திருநாள். உரோமையின் இந்த மறைசாட்சி இசைக் கலைஞர்களின் பாதுகாவலி. எனவே இன்றைய மறையுரை நம் பேண்டு செட் தம்பிமாருக்கு. மற்றவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் பங்கு வரும்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுலடியார் குழலையும் யாழையும் பற்றிப் பேசுகிறார். அந்த உயிரற்ற கருவிகள்கூட சுரத்தைப் பிரித்துக் காட்டாவிட்டால், வாசிப்பது இன்னதென்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார். குழல் ஏன் தெளிவிழக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. அதைக் கிளாரினெட் வாசிப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கிளாரினெட் நம் மண்ணில் பிறந்ததல்ல. 1700ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் டென்னர் என்ற கைவினைஞர் உருவாக்கிய கருவி. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சதிர்க் கச்சேரிக்குள் வந்து முகவீணையின் இடத்தைப் பிடித்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் கமகத்தைப் பேசவைத்தார். 2008இல் சங்கீத கலாநிதியும் ஆனார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் கேட்டு வளர்ந்த தாமிரபரணிக் கரைக்கு ஊதுகிற கருவி அந்நியமில்லை.

சப்பர பவனி முடிந்து கிளாரினெட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாய் நீர். மழை நீர் அல்ல, வாசித்தவரின் மூச்சு. வெதுவெதுப்பாய்ப் போன மூச்சு குழலின் உட்சுவரில் பட்டுக் குளிர்ந்து நீராகிறது. அதை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினால், துளைகளை அடைக்கும் பேடுகள் ஊறி உப்பும், காற்று கசியும், சுரம் பிசிறும். ரீடில் பூஞ்சணம் பிடிக்கும். மரக் கருவி என்றால் உட்பக்கம் ஈரத்தில் விரியும், வெளிப்பக்கம் அசையாது. மேல் துண்டில் வெடிப்பு விழும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வாசித்து முடித்ததும் பந்திக்கு ஓடுவதில்லை. ரீடைக் கழற்றித் துடைக்கிறார்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, நூல் கட்டி, குழலுக்குள் விட்டு இழுக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை. மூட்டுகளில் தேங்கியதை ஒற்றி எடுக்கிறார்கள். ஒட்டுகிற பேடுக்கு அடியில் மெல்லிய தாளை வைத்து அழுத்தி விடுகிறார்கள். மௌத்பீஸை வெந்நீரில் போடுவதில்லை, அதன் எபோனைட்டின் நிறமும் வடிவமும் கெட்டுவிடும். வெயிலில் காயப்போடுவதும் இல்லை. இன்னொன்று: நம்மூர்க் கல்யாண வீட்டில் அல்வாவைச் சாப்பிட்ட வாயோடு ஊதக் கூடாது. எச்சிலோடு போகும் சர்க்கரைதான் பேடைப் பிசுபிசுக்க வைக்கும். (அல்வாவை விடச் சொல்லவில்லை, வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறேன்.)

கிளாரினெட்டை நனைத்தது அழுக்கு அல்ல, அதன் பாட்டுதான். நாமோ பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது வெளியிலிருந்து ஒட்டிய சேற்றை மட்டும் தேடுகிறோம். 2023 டிசம்பரில் ஆறு கரைபுரண்டு வீட்டுக்குள் வந்த தண்ணீர் எல்லார் கண்ணிலும் பட்டது. எல்லாரும் சேர்ந்து இறைத்தோம். சேவை செய்ததால் வந்த ஈரம் யார் கண்ணில் படுகிறது? வருடக்கணக்காய் மறைக்கல்வி நடத்தியவரின் சலிப்பு. இரவெல்லாம் அசன விருந்துக்குச் சமைத்துவிட்டு, நன்றி சொல்லும்போது தன் பெயர் விடுபட்டதைக் கேட்டவரின் கசப்பு. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைத் துடைத்து எடுக்கும் மருமகளுக்கு நடுராத்திரியில் வரும் கோபம். பிரசங்கம் நன்றாயிருந்தது என்று கேட்டுக் கேட்டுச் சாமியாருக்கு வரும் மயக்கம். அது அல்வா வகை. ஒன்றும் செய்யாதவருக்கு இவற்றில் எதுவும் வராது. அதற்காக அவர் பெருமைப்படவும் முடியாது. பெட்டியிலேயே கிடக்கும் கிளாரினெட்டுக்குக் கார்க் காய்ந்து சுருங்கும்.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் திருத்தூதர்கள் பணி முடித்துத் திரும்பி, செய்ததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். சாப்பிடக்கூட நேரமில்லாத கூட்டம். அவர் களைப்பைக் கண்டிக்கவில்லை, அடுத்த வேலையையும் உடனே கொடுக்கவில்லை. தனிமையான இடத்துக்கு வரச் சொல்லிப் படகேற்றுகிறார். அக்கரையிலோ கூட்டம் முந்திக்கொண்டு நிற்கிறது! கிடைத்த ஓய்வு அந்தப் படகுப் பயணம் மட்டும்தான்.

நமக்கும் அந்த அளவு நேரம் தினமும் உண்டு. படுக்கும் முன் ஆன்மச் சோதனை செய்ய ஐந்து நிமிடம் போதும். இன்று யாருக்காக ஊதினேன், அதில் என்ன தேங்கியது என்று ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். தவக்காலம் வரட்டும் என்று பெட்டியை மூடிவிடாதீர்கள்.

பூசை முடிந்ததும் கருவிகளை மந்திரிப்பேன். தம்பிமாரே, பீடத்துக்கு வரும்போது கிளாரினெட்டோடு அதைத் துடைக்கும் துணியையும் எடுத்து வாருங்கள்; அதையும் சேர்த்தே மந்திரிக்கலாம்.