செக்கேமில் கேட்கப்பட்ட கேள்வி

சாலமோன் இறந்ததும் அவன் மகன் ரெகபெயாமை அரசனாக்குவதற்கு இஸ்ரயேல் குலங்கள் எருசலேமில் கூடவில்லை, வடக்கே செக்கேமில் கூடின. தலைநகரத்தில் பட்டம் கட்டினால் மட்டும் போதாது, மற்றக் குலங்களிடம் போய்ச் சம்மதம் கேட்கவேண்டும் என்பது அன்றைய முறை. தாவீதும் முதலில் யூதாவுக்கு மட்டுமே அரசர். மற்றக் குலங்களின் மூப்பர்கள் எபிரோனுக்கு வந்து உடன்படிக்கை செய்த பிறகுதான் முழு நாட்டுக்கும் அரசரானார். செக்கேமில் குலங்கள் கேட்டது சாலமோன் வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலேசாக்கும்படி. ரெகபெயாம் இன்னும் பாரமாக்குவதாகச் சொன்னான். பத்துக் குலங்கள் எழுந்து போய்விட்டன.

திருகோணமலைப் பாலையூற்று லூர்து மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் விவிலியத்தின் இந்த அதிகாரத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் நாடுதான் கண்ணில் தெரியும்.

1978 அரசியலமைப்பு ஜனாதிபதித் தேர்தலுக்கு முழு இலங்கையையும் ஒரே தொகுதியாக்கியது. பாதிக்கு மேல் வாக்கு எடுத்தவர் ஜனாதிபதி. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்பதில்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 52.25 வீதம் எடுத்தார். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்ல ஆகிய ஐந்து தேர்தல் மாவட்டங்களும் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்திருந்தன. அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவுக்கு முன்னால் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்லலாம் என்று தனக்குத் தெரிந்திருந்ததாகப் புதிய ஜனாதிபதி பேசினார். சட்டப்படி அதில் ஒரு குறையுமில்லை. என்னை உறுத்துவது அந்தக் குறையின்மைதான். தோற்பதை எவரும் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு மாகாணங்கள் தேவையே இல்லை என்று கணக்குச் சொல்வதைத் தாங்க முடியாது.

கடவுளின் முன் எல்லா ஆன்மாவும் சமம், ஆகவே எல்லா வாக்கும் சமமாக இருக்கட்டும், மாத்தறைக்காரரின் வாக்கைவிடப் பாலையூற்றுக்காரரின் வாக்கு ஏன் கனக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. ஆனால் மனிதன் தனி ஆன்மாவாக மட்டும் வாழ்வதில்லை. மொழியோடும் மண்ணோடும் சேர்ந்துதான் வாழ்கிறான், அவற்றோடு சேர்த்துத்தான் ஆளப்படுகிறான். சீனன்குடா எண்ணெய்க் குதங்களை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று கொழும்பு முடிவெடுக்கும்போது அது திருகோணமலையைப் பற்றிய முடிவு. தலைகளை எண்ணும் நீதி தனிமனிதனைக் காக்கிறது. ஊரைக் காப்பதற்கு இன்னொரு நீதியும் வேண்டும்.

இந்தியாவில் ஜனாதிபதியைப் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து தெரிவுசெய்கிறார்கள். மாநிலங்கள் எல்லாவற்றினதும் மொத்த வாக்கு மதிப்பு பாராளுமன்றத்தின் மதிப்புக்கு ஏறக்குறைய ஈடாக இருக்கும்படி கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஜனாதிபதிக்கு இங்குள்ள அதிகாரம் இல்லை என்பது வேறு விடயம். அமெரிக்காவில் ஜனாதிபதியைத் தெரிவுசெய்பவர்கள் 538 தெரிவாளர்கள். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் முந்தியவருக்கே மாநிலத்தின் எல்லாத் தெரிவாளரும் போய்விடுகிறார்கள். அதை நான் இங்கே கேட்கமாட்டேன். கிழக்கில் அப்படிச் செய்தால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று நாங்களே ஒருவரை ஒருவர் விழுங்கிவிடுவோம். கொழும்பு எங்களுக்குச் செய்ததாக நாங்கள் சொல்வதை நாங்கள் சேருவிலச் சிங்களவருக்குச் செய்யக்கூடாது.

என் மனதில் உள்ளது இதுதான். ஒன்பது மாகாணங்களும் தெரிவாளர்களை அனுப்பட்டும். மாகாணத்துக்குள் வாக்கு விழுந்த வீதப்படியே அவர்கள் பிரியட்டும். தெரிவாளர் முறையால் மட்டும் பிரச்சினை தீராது. ஏழு மாகாணங்களில் சிங்களவரே பெரும்பான்மை, அந்த ஏழையும் வைத்தே ஒருவர் வென்றுவிடலாம். அதனால் எட்டு மாகாணங்களில் ஒவ்வொன்றிலும் நாலில் ஒரு பங்காவது கிடைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சேரவேண்டும். நைஜீரியாவில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் இருபத்தைந்து வீதம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. திருத்தந்தையைத் தெரிவுசெய்யும் கர்தினால்களுக்கும் 1179இல் வந்த விதி மூன்றில் இரண்டு. பாதிக்கு மேல் ஒன்று கூடினால் போதும் என்று திருச்சபை இன்று விடுவதில்லை. எட்டு மாகாண விதி இருந்தால் வேட்பாளர் திருகோணமலையின் அநுராதபுரச் சந்தியில் இறங்கிப் பாலையூற்றுக்காரரிடமும் வாக்குக் கேட்கவேண்டி வரும்.

இன்றைய அரசு புதிய அரசியலமைப்பு தருவதாக மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அதை எழுதுபவர்களிடம் இரண்டு கேட்கிறேன். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. முதலில் அதற்குத் தேர்தலை வையுங்கள். பிறகு ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதில் மாகாணங்களுக்கும் ஒரு சொல்லைக் கொடுங்கள்.