கடலோரத் தங்கம் யாருக்குச் சொந்தம்?

1899ஆம் ஆண்டுக் கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலில் தங்கம் கிடைப்பதாகச் செய்தி பரவியது. முந்தைய ஆண்டே அன்வில் ஓடையில் தங்கம் கண்டவர்கள் நல்ல இடங்களையெல்லாம் வளைத்துப் போட்டிருந்தார்கள். பிந்தி வந்தவர்களுக்குக் கடற்கரைதான் கதி. அலையடிக்கும் அந்த மணலை யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. மண்வெட்டியும் மரத்தொட்டியும் இருந்தால் போதும்.

தங்கம் மணலைப் போல ஏழு மடங்கு கனம். அலை இலேசான மணலை அடித்துச் செல்ல, கனமானது தங்கிவிடும். செந்நிறக் கார்னெட் மணல் படிந்த இடம் பார்த்துத் தோண்டுவார்கள். தொட்டியை ஆட்டி, நீரூற்றி, பொடித்தங்கத்தைப் பிடிப்பார்கள்.

அது யாருடையது? கடலும் கரையும் எல்லோருக்கும் பொது என்றது பண்டைய ரோமச் சட்டம். பொதுவானதில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்றார் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்ச வேண்டும்.

அந்த நிபந்தனை நோமில் உடைந்தது. 1900இல் ஆயிரக்கணக்கானோர் கப்பல் கப்பலாக வந்திறங்க, கரை மணலில் தங்கம் வேகமாகத் தீர்ந்தது.

தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த இனுபியாக் மக்களை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு பரவிய தட்டம்மையும் ஃப்ளூ காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொன்றன. உழைத்தவனுக்கே உரிமை என்ற வாதம், ஏற்கெனவே அங்கிருந்தவர்களைக் கணக்கில் சேர்க்காதவரை அரைகுறை நியாயம்தான்.