பூட்டிய பெட்டியும் நோவாவின் மக்களும்

இறந்தவரின் உடலை நீராட்டி, புத்தாடை உடுத்தி, புனித நீர் தெளித்து மண்ணுக்கு ஒப்படைக்கிறோம். அதில் நமக்கு ஐயமில்லை. திருச்சபை வழி காட்டியிருக்கிறது. ஆனால் அவர் விட்டுச் சென்ற கடிதங்களை என்ன செய்வது? படிக்கலாமா, எரிக்கலாமா, ஊரறியக் கொடுக்கலாமா?

சங்கரன்கோவிலில் நாமறிந்த முதியவர் ஒருவர் மறைந்தார். இளமையில் சுற்றுவட்டாரக் கோயில் கொடைகளில் ராஜபார்ட் வேடம் கட்டியவர். தவக்காலத்தில் பாஸ்கு நாடகத்தில் பிலாத்துவாக வந்து கை கழுவியவர். திரைப்படத்திலும் ஓரிரு காட்சிகளில் தலைகாட்டியவர். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மக்கள் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தனர். நாடக நோட்டீசுகள், பாட்டு நோட்டுகள், முன்பணச் சீட்டுகள், அடகுக்கடை ரசீதுகள். அடியில் நூல்கயிற்றால் கட்டிய சில கடிதங்கள். உடன் நடித்த பெண்ணொருத்தி, ஒரு குழந்தையின் பொருட்டு உதவி கேட்டு எழுதியவை அவை. "அப்பாவின் பெயர் கெட்டுவிடும், எரித்துவிடுவோம்" என்றார் மூத்தவர். "எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடுவோம்" என்றார் இளையவர். இருவரும் நம்மிடம் கேட்டனர்.

இளையவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. கலைஞரின் தாள்களை நாம் குப்பையென்றே எண்ணி வந்தோம். பிரான்சு நாட்டில் 1936இல் தோன்றிய சினிமாத்தெக், படச்சுருள்களோடு கலைஞர்களின் கடிதங்களையும் கைப்பிரதிகளையும் பேணிக் காக்கிறது. நம் நாட்டில் அப்பணியைத் தனிமனிதர்களே தோளில் சுமந்தனர். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும்கூடத் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னைத் தரமணியில் ஆய்வு நூலகமாக வாழ்கிறது. ஒருவர் குப்பையென்று எறிந்தது மற்றொருவருக்கு வரலாறாகிறது.

மூத்தவர் பக்கமும் விவிலியம் நிற்கிறது. திராட்சை இரசத்தால் மயங்கி ஆடையின்றிக் கிடந்த நோவாவைக் கண்ட காம், வெளியே சென்று சொன்னான். சேமும் எப்பேத்தும் மேலாடையைத் தோளிலிட்டுப் பின்னோக்கி நடந்து, முகத்தைத் திருப்பியவாறே தந்தையை மூடினர். ஆசி பெற்றவர்கள் மூடியவர்களே. பிறருடைய உண்மையான குற்றத்தைக்கூடத் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்றே மறைக்கல்வியும் கற்பிக்கிறது.

ஆனால் அதே விவிலியம் வேறொரு கடிதத்தை மூடவில்லை. தாவீது அரசர் உரியாவைப் போர்முனையில் சாகவிடுமாறு யோவாபுக்கு எழுதி, அந்த ஓலையை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். திருவுளம் நினைத்திருந்தால் அது மறைந்தே போயிருக்கும். ஏன் மறையவில்லை? நோவாவின் நிலையில் இருந்தது ஒரு மனிதனின் வலுவின்மை. தாவீதின் ஓலையில் இருந்தது மற்றொருவனின் இரத்தம். வலுவின்மையை மூடுவது அன்பு. அநீதியை மூடுவது அநீதிக்குத் துணைபோவது. இரண்டுக்கும் ஒரே போர்வை பொருந்தாது.

திருச்சபையும் இந்தப் பாடத்தை வலியோடுதான் கற்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 489ஆம் சட்டம், ஒழுக்கம் சார்ந்த குற்ற வழக்குகளில் குற்றவாளி இறந்துவிட்டாலோ, தீர்ப்பாகிப் பத்தாண்டு கடந்துவிட்டாலோ, இரகசியக் காப்பகத்து ஏடுகளை அழித்து, நிகழ்வின் சுருக்கத்தையும் இறுதித் தீர்ப்பையும் மட்டும் வைத்திருக்கச் சொல்கிறது. அதில் இரக்கம் இருக்கிறது. ஆயினும் 2019 பிப்ரவரியில், சிறார் பாதுகாப்புக்காக வத்திக்கானில் கூடிய மாநாட்டில், குற்றங்களைக் காட்டியிருக்கக்கூடிய ஏடுகள் அழிக்கப்பட்டன, அல்லது எழுதப்படவே இல்லை என்று செருமானியக் கர்தினால் மார்க்ஸ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஏடு அழிந்தபோது, துன்புற்றோரின் சாட்சியமும் சேர்ந்து அழிந்தது.

இவ்விரண்டிலும் அடங்காத கடிதங்களும் உண்டு. தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதியவற்றை அழித்துவிடுமாறு புனித அன்னை தெரேசா வேண்டியிருந்தார். அவை காக்கப்பட்டு, அவர் மறைந்து பத்தாண்டுக்குப்பின் 2007இல் நூலாயின. அவர் பல்லாண்டு சுமந்த ஆன்ம இருளை உலகம் அப்போதுதான் அறிந்தது. இருளில் செபிக்கும் எத்தனையோ பேருக்கு அது துணையாயிற்று. எனினும், இறந்தவரின் வேண்டுகோள் மீறப்பட்டது என்ற உறுத்தலும் நமக்குள் நீங்கவில்லை. நல்ல கனி கிடைத்துவிட்டதென்பதால் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

நாம் அப்பிள்ளைகளிடம் சொன்னது இதுதான்: நோட்டீசுகளும் பாட்டு நோட்டுகளும் நூலகத்துக்குப் போகட்டும். கடன் சீட்டுகளும் அடகு ரசீதுகளும் உங்கள் தந்தையின் வறுமை. அவற்றை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதங்களோ உங்களுடையவை மட்டுமல்ல. தாள் பெற்றவருக்கு உரியது. வாசகம் எழுதியவருக்கு உரியது என்பதே நாட்டுச் சட்டமும். அவற்றை எரித்தால் கேட்ட குரலை இரண்டாம் முறை மறுத்தவர்கள் ஆவீர்கள்; நூலகத்தில் வைத்தால் அப்பெண்ணைக் கேளாமலே அவரை ஊருக்கு முன் நிறுத்துவீர்கள். முதலில் அவரைத் தேடுங்கள். அவர் இல்லையெனில் அக்குழந்தையைத் தேடுங்கள். உங்களுக்கு ஓர் உடன்பிறப்பு இருக்கலாம். கடிதங்களின் முடிவை அவர்கள் சொல்லட்டும்.

மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் உறையின் மேலிருந்த முகவரியைத் தாளொன்றில் எழுதிக்கொண்டார்.

அன்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை நம் மக்கள் திறக்கும் நாள் வரும். அதற்குமுன் நாமே திறப்போம். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்போம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். மேடையில் பிலாத்து கை கழுவுவது ஒரு காட்சி. அது முடிந்ததும் திரை விழுந்துவிடும். வாழ்க்கையில் நாம் கழுவாமல் விட்டதைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.