கடிகாரத்தின் கீறலும் கையின் தழும்பும்

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் மாளிகைகள் எழுந்தன. அவற்றை எழுப்பிய கைகளுள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய கரையோர ஊர்களின் கைகளும் இருந்தன. அங்கே பல்லாண்டு உழைத்து, விலையுயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றுடன் ஊர் திரும்பிய மனிதர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வுழூச் செய்வதற்காக அதனைக் கழற்றிப் பள்ளிவாசல் ஹவுளின் சீமெந்து விளிம்பில் வைக்கிறார். முதற் கீறல் விழுகிறது. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. மறுநாள் கடிகாரம் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

அக்கீறல் எதனைக் கெடுத்தது? முட்கள் முன்போலவே சுழல்கின்றன, நேரம் பிழைக்கவில்லை. குறைந்தது சந்தைப் பெறுமதி ஒன்றே. பயன்பாட்டுப் பெறுமதி வேறு, மாற்றுப் பெறுமதி வேறு என்று 1867 இல் வெளியான 'மூலதன'த்தில் மார்க்ஸ் பிரித்துக் காட்டினார். விற்கும் எண்ணமே இல்லாதவரும் தம் உடைமையை விற்பவரின் கண்கொண்டு பார்க்கிறார். சந்தை மனித மனத்தினுள் புகுந்துள்ள ஆழம் இது!

சீமெந்திலும் கடற்கரையிலும் உள்ள மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. கடிகாரத்தின் உருக்கு அதனினும் மென்மையானது. கண்ணாடியாகப் பொருத்தப்படும் செயற்கை நீலக்கல்லோ 9 என்னும் அளவில் நின்று தாங்கும். ஆகவே, மணலோடு வாழும் மனிதரின் கையில் உருக்குக் கீறப்படுவது விபத்தன்று, நியதி. மெருகிட்டு மறைக்கலாம், ஆயின் ஒவ்வொரு மெருகும் உலோகத்தையே சிறிது தேய்த்தெடுக்கிறது. வடுவை அழிக்கப் புகுந்து உடலை இழக்கிறோம்.

அவரை எள்ளி நகையாடுதல் எளிது, ஆனால் நீதியன்று. அந்தக் கடிகாரத்தில் அவர் காண்பது ஆடம்பரத்தை அன்று. திரும்பி வராத தம் இளமையை. அதனாலன்றோ கீறல் அவரது நெஞ்சிலே விழுகிறது! எனினும் இளமையைப் பூட்டிவைக்க எந்த அலுமாரியாலும் இயலாது. 2004 டிசம்பர் 26 இல் இக்கரையோரத்துள் புகுந்த கடல், பெட்டியிற் காக்கப்பட்டதையும் கையிலே தேய்ந்ததையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

கடிகாரத்தின் கீறலை ஊரே கண்டு வருந்துகிறது. அதனைக் கட்டியிருந்த கையின் தழும்புகளை எண்ணியவர் யார்? பாலைவன வெயிலில் அக்கை தேய்ந்த கணக்கு எந்த ஏட்டில் உள்ளது? கடிகாரத்தை மீண்டும் அவர் கையிலே கட்டட்டும், அது கீறப்படட்டும். பொருள் தேய்வது நியதி. மனிதர் தேய்க்கப்படுவதை மட்டும் நியதியென்று நாம் ஒருபோதும் ஏற்கலாகாது.