ஒத்தி வீடா, வாடகை வீடா, சொந்த வீடா?

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அவனது தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

வீடு என்பது அல்லாஹ்வின் அருட்கொடை. சூரத்துந் நஹ்லின் 80-வது வசனத்தில், நம் வீடுகளை நமக்கு அமைதி தரும் இடங்களாக ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அவன் எடுத்துக் கூறுகிறான். விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்களும் கூறியிருக்கிறார்கள் (இப்னு ஹிப்பான்). எனவே நல்ல வீட்டுக்கு ஆசைப்படுவது உலக மோகம் அல்ல. அந்த அமைதியை எந்த வழியில் தேடுகிறோம் என்பதில்தான் கேள்வி இருக்கிறது.

திருவாதவூரில், மேலூரில், ஒத்தக்கடையில், மதுரை நகருக்குள் வீடு தேடும் ஒருவருக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, மாத வாடகை. இரண்டு, பேங்க் லோன் போட்டு வாங்குவது. மூன்றாவது, நம் பகுதியில் மிகச் சாதாரணமாகிவிட்ட ஒத்தி. மது, பன்றி இறைச்சி என்றால் ஒதுங்கி நிற்கும் நம்மில் பலர், ஒத்திப் பத்திரத்தில் மட்டும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம். ஆகவே அதையே முதலில் பார்ப்போம்.

ஒத்தி என்றால் என்ன?

மாதம் 6,000 ரூபாய் வாடகை போகும் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு மகள் திருமணமோ, மருத்துவச் செலவோ வருகிறது. நீங்கள் 5 லட்சம் கொடுக்கிறீர்கள். மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருக்கிறீர்கள். காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு முழு 5 லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். சில ஊர்களில் இதைப் போக்கியம் என்பார்கள். சென்னைப் பக்கம் ‘லீஸ்’ என்பார்கள்.

பெயரை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பாருங்கள். கொடுத்த பணம் குறையாமல் திரும்பி வருகிறது. எனவே அது விலையும் அல்ல, வாடகையும் அல்ல, கடன். அந்தக் கடனுக்காக 36 மாத வாடகை, அதாவது 2,16,000 ரூபாய் மதிப்புள்ள பலனை அனுபவித்திருக்கிறீர்கள். கடன் கொடுத்தவர் அசலுக்கு மேல் நிபந்தனையாகப் பெறும் எந்தப் பலனும் வட்டி என்பதுதான் ஸஹாபாக்கள் காலம் தொட்டு அறியப்பட்ட ஃபிக்ஹ் விதி.

அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள், இராக்கிலிருந்து மதீனா வந்த அபூபுர்தாவிடம், வட்டி பரவியிருக்கும் பூமியில் வாழ்கிறீர் என்று எச்சரித்தார்கள். உம்மிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலையோ வாற்கோதுமையையோ அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர், அது வட்டி என்றார்கள் (புகாரி). ஒரு சுமை வைக்கோலே இப்படியென்றால், மூன்று வருடக் குடியிருப்பு?

நாட்டின் சட்டமும் இதை மறைக்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58-வது பிரிவில் ஒத்தியை அனுபவ அடமானமாக விவரிக்கிறது. சொத்திலிருந்து வரும் பலனை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது அசலில் கழித்துக்கொள்ளலாம் என்று அது கூறுகிறது. சட்டம் எழுதியவர்கள் ‘வட்டிக்குப் பதிலாக’ என்று வெளிப்படையாகச் சொன்னதை, நாம் ‘வட்டியே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாம் சொல்லும் சமாதானங்கள்

“இருவரும் மனம் ஒப்பித்தானே செய்கிறோம்?” வட்டிக்குக் கடன் வாங்குபவரும் ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறார். கையில் வழியில்லாதவரின் சம்மதம் ஹராமை ஹலாலாக்காது.

“அடமானம் வைத்த பிராணியில் சவாரி செய்யலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே?” இருக்கிறது (புகாரி). ஆனால் தீவனச் செலவுக்கு ஈடாக என்று அந்த ஹதீஸே காரணத்தையும் சொல்கிறது. வீடு தீனி கேட்பதில்லை. அந்த ஹதீஸை ஏற்றுச் சட்டம் எடுத்த இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களே, வீடுகளை ஈடாகப் பெற்று அனுபவிக்கும் கடனை அப்பட்டமான வட்டி எனக் கண்டித்ததை இப்னு குதாமா (ரஹ்) ‘அல்முக்னீ’யில் பதிவு செய்திருக்கிறார்கள்.

“பிற்கால ஹனஃபி உலமாக்களில் சிலர் அனுமதித்தார்களே?” ‘பைஉல் வஃபா’ என்ற பெயரில், பணத்தைத் திருப்பித் தந்தால் சொத்தைத் திருப்பித் தரும் விற்பனையாக இதை ஆகுமாக்கியோர் உண்டு. கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதை ஆராய்ந்து, உண்மையில் அது பலன் தரும் கடன்தான், கூடாது என்று தீர்மானித்தது.

பேங்க் லோன்

20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000. கட்டி முடிக்கும்போது 43 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். பணக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். வட்டியை உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள், அவர்கள் சமமானவர்கள் என்றார்கள் (முஸ்லிம்). ஸூரத்துல் பகராவின் 279-வது வசனமோ, வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக எச்சரிக்கிறது.

1999-ல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் மேற்கு நாட்டு முஸ்லிம்களுக்கு வீட்டுக் கடனில் சலுகை அளித்ததைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதை ஏற்காத அறிஞர்கள் பலர். அந்தச் சலுகையும் வேறு வழியே இல்லாத தேவைக்குத்தான். வாடகைக்கு வீடு கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு நிர்பந்தம் என்று சொல்லும் முன் நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு வேண்டியது தங்குவதற்கு ஓர் இடமா, அல்லது “இன்னும் வாடகை வீடுதானா?” என்று கேட்கும் உறவினருக்கு ஒரு பதிலா?

வாடகையில் இழிவு இல்லை

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது சில மாதங்கள் அபூஅய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில்தான் தங்கினார்கள். மக்காவை வெற்றி கொண்ட நேரத்தில், “எங்கே தங்குவீர்கள்?” என்று உஸாமா (ரலி) கேட்டபோது, அகீல் நமக்கு எந்த வீட்டை விட்டு வைத்தார் என்ற பொருளில் பதிலளித்தார்கள் (புகாரி). பிறந்த ஊரில் வெற்றியாளராக நுழைந்தவருக்கு அங்கே சொந்த வீடு இல்லை. அது அவர்களின் கண்ணியத்தைக் குறைத்ததா?

வாடகை வீணாகப் போகும் பணம் என்பதும் சரியல்ல. குடியிருந்த பலனுக்குக் கொடுத்த ஹலாலான கூலி அது. பேசிய வாடகையை, தேதியை எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்வது குர்ஆனின் வழிகாட்டல் (2:282). 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கேட்கிறது.

ஹலாலான வழிகள்

கையில் மொத்தப் பணம் இருக்கிறது, வீட்டுக்காரருக்கும் பணம் தேவை என்றால், மூன்று வருட வாடகையை முன்கூட்டியே கொடுங்கள். 2,16,000-ஐ 1,80,000 என்று பேசி முடித்தாலும் தவறில்லை. அது திரும்பி வராத வாடகை, கடன் அல்ல. ஏற்கனவே ஒத்தியில் இருப்பவர்கள், அந்தத் தெருவில் போகும் நியாயமான வாடகையைக் கணக்கிட்டு அசலில் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் முடிந்தால் 5 லட்சத்தில் 2,84,000 திரும்ப வாங்கினால் போதும். மனம் வலிக்கும், ஆனால் அசலுக்கு மேல் எதுவும் உங்களிடம் தங்காது. அட்வான்ஸ் தொகையைக் கூட்டிக் கொடுத்து, அதற்காக வாடகையைக் குறைப்பதும் ஒத்தியின் தம்பிதான். அதையும் தவிருங்கள்.

வாங்க நினைப்பவர்கள், விற்பவரிடமே நேரடியாகத் தவணை பேசலாம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையாக முடிவு செய்து, தாமதத்துக்கு அபராதம் இல்லாமல் எழுதினால் பெரும்பான்மை அறிஞர்களிடம் கூடும். மனையை முதலில் வாங்கி, ஓர் அறை, பிறகு ஓர் அறை என்று கட்டுவது நம் கிராமங்கள் அறிந்த வழிதான். குடிசையில் வாழும் தகுதியுள்ள ஏழைகளுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் மானியம் கிடைக்கிறது. அது கடன் அல்ல. விவரம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு மனு எழுதிக் கொடுப்பதும் ஸதகாதான்.

ஜமாஅத்தின் பொறுப்பு

ஒத்திக்கு வாங்குபவரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. மகள் திருமணத்துக்காக வீட்டை ஒத்திக்கு விடும் அந்த மனிதர், முதலில் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார்? வட்டி இல்லாத கடன் கொடுக்க நம்மில் ஒருவரும் இல்லாததால்தானே அவர் குடியிருந்த வீட்டைக் கொடுத்தார்? காலம் முடிந்து பணம் புரட்ட முடியாமல், அடுத்தவருக்கு ஒத்திவிட்டு முந்தியவருக்குக் கொடுக்கிறார். சொந்த வீடு இருந்தும் சாகும்வரை அதில் குடியேற முடியாதவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் வட்டியில்லா வங்கி இல்லை. 2017-ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. ஆனால் பைத்துல்மாலில் அழகிய கடன் நிதி தொடங்க ரிசர்வ் வங்கி வர வேண்டியதில்லை. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தர்மமாக விட்டுவிடுவது அதைவிடச் சிறந்தது என்றும் சொல்லும் வசனம் (2:280), வட்டியைத் தடுக்கும் வசனங்களை அடுத்தே வருகிறது. வட்டியைத் தடுத்த மார்க்கம் அதற்குப் பதிலாக நம் கைகளைத்தான் நீட்டச் சொன்னது.

வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் நாம் நிரந்தரமாக விட்டுச்செல்லப் போகும் வீட்டையும் எண்ணிப் பார்ப்போம். சொந்தமாக இருந்தாலும், வாடகையாக இருந்தாலும், துன்யாவில் நாம் அனைவரும் குறிப்பிட்ட தவணைக்குக் குடியிருப்பவர்களே.

வட்டியின் புழுதி படாத வீடுகளில் நம் பிள்ளைகளை வளர்க்கவும், தேவையுள்ளோருக்குக் கைகொடுக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.