வழியில் கழியும் வாழ்நாள்

பிழைப்பு ஓரிடத்திலும் இல்லம் ஓரிடத்திலுமாக வாழ்வது பெருநகரை ஒட்டி வாழும் மக்களுக்கு இன்று பொதுவிதி ஆகிவிட்டது. 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, தாம்பரம் நகருக்குப் புறத்தே இருந்த ஒரு சிற்றூர். 2021இல் அதுவே தனி மாநகராட்சி ஆயிற்று. ஆவடி அதற்கு முன்பே, 2019இல் அந்நிலையை எய்தியது. குடியிருப்புகளோ அங்கும் நில்லாமல், தெற்கே கூடுவாஞ்சேரி, செங்கற்பட்டு எனவும், மேற்கே திருவள்ளூர், அரக்கோணம் எனவும் நீண்டு செல்கின்றன. மண்ணடியிலும் பாரிமுனையிலும் வேலை பார்ப்போர் பலர், நகருக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் அவ்வூர்களில் குடியேறியுள்ளனர். நம் சமுதாய மக்களும் அவர்களுள் உண்டு.

இவர்களுடைய வாழ்வு நம்முன் ஒரு வினாவை வைக்கிறது. குடும்பத்துக்காகவே உழைக்கிறோம் என்னும் நிய்யத்து, குடும்பத்துக்குச் செலுத்த வேண்டிய ஹக்கை நிறைவேற்றிவிடுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். போகவும் வரவுமாக நாளொன்றுக்கு 3 மணி நேரம் வழியில் கழிகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 280 வேலைநாள் என்றால், கழிந்தவை 840 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்ந்த 35 முழு நாள்கள். ஒரு ரமலான் மாதத்தினும் மிகுதியான காலத்தை ஒருவர் ஆண்டுதோறும் ரயில் பெட்டியிலும் பேருந்திலும் செலவிடுகிறார். 30 ஆண்டு வேலை பார்த்தால், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவ்வாறே போய்விடுகின்றன. இந்நேரத்துக்கு முதலாளி கூலி கொடுப்பதில்லை. இல்லத்தாரும் இதனால் நேரே பயன் பெறுவதில்லை.

ஷரீஅத்தின் கண்ணோட்டத்தில் இவர் நிலை என்ன? கஸ்ருத் தொழுகைக்குரிய பயண தூரத்தை அறிஞர்கள் சுமார் 80 கிலோமீட்டர் அளவில் கணக்கிடுகின்றனர். கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டு சுமார் 60 கிலோமீட்டரே. ஆகவே நாள்தோறும் இவ்வழியே அலைபவர் முஸாபிர் ஆகமாட்டார். பயணியின் சலுகை அவருக்கு இல்லை. சட்டம் அவரை ஊரில் தங்கியவராகவே கருதுகிறது. தங்கியவருக்கு உரிய கடமைகள் யாவும் அவர்மீது உண்டு: மனைவி மக்களின் உரிமை, அண்டை வீட்டாரின் உரிமை, மஹல்லாவின் உரிமை. ஆனால், பிள்ளைகள் விழிக்குமுன் புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் திரும்புபவர் அக்கடமைகளை எப்போது நிறைவேற்றுவார்?

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், அபூதர்தா (ரலி) அவர்களைக் காணச் சென்ற வரலாறு புகாரியில் பதிவாகியுள்ளது. அபூதர்தா பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார். அவருடைய துணைவியார் தம்மைப் பேணாத கோலத்தில் இருந்தார். ஸல்மான் அவரை உண்ணச் செய்தார், உறங்கச் செய்தார், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமைகளைத் தனித்தனியே செலுத்த வேண்டும் என்று உணர்த்தினார். அவர் கூறியது உண்மையே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். இறைவணக்கமே குடும்பத்தின் உரிமைக்கு ஈடாகாது என்றால், பொருளீட்டல் எங்ஙனம் ஈடாகும்? ஹலாலான சம்பாத்தியம் கடமையே. எனினும் ஒரு கடமை மற்றொரு கடமையின் கடனைத் தீர்க்காது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவியின் அருகே குடிபெயர விரும்பியபோது, அவர்களுடைய காலடிகளுக்கு நன்மை உண்டு என்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் அல்லவா? தொலைவு நடப்பதும் நன்மைதானே? ஆம், நன்மைதான். ஆயின் அந்த நபிமொழியிலேயே மற்றொரு காரணமும் காணப்படுகிறது. மதீனாவின் ஓரங்கள் ஆளின்றி வெறிச்சோடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இது ஊன்றி நோக்கத்தக்கது. புறநகரில் வீடு இருக்கிறது. பூட்டும் சாவியும் இருக்கின்றன. உறங்க மட்டும் ஆள் வருகிறார். வேலைநாளில் ஒரு ஜனாஸா நேர்ந்தால் சந்தூக்குக்குத் தோள்கொடுக்க முதியவர்களே எஞ்சுகின்றனர். குடியிருந்தும் வெறிச்சோடிய ஊர் என்று இதனைக் கூறினால் மிகையாகுமா?

இதற்கு வழியும் மதீனாவிலேயே கிடைக்கிறது. உமர் (ரலி) அவர்கள் நகரின் மேட்டுப் புறமான அவாலியில் குடியிருந்தார்கள். அண்டை வீட்டாரான அன்ஸாரி ஒருவருடன் முறைவைத்து, ஒருநாள் இவரும் மறுநாள் அவருமாக நாயகத்தின் அவைக்குச் சென்று வந்தனர். சென்றவர் தாம் அறிந்து வந்த செய்திகளைத் தங்கியவருக்கு எடுத்துரைப்பார். வழியின் சுமை இருவருக்குள் பங்கிடப்பட்டது. பயன் இருவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

நம் ஊழியர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வேலைக்குப் போக இயலாது. ஆனால் சுமையைப் பங்கிடுவது இயலும். ஒரு தெருவில் பத்துப் பேர் இருந்தால், விடுமுறை நாளில் முறைவைத்து நோயாளியை ஒருவர் விசாரிக்கலாம். மக்தப் பிள்ளைகளின் ஓதலை மற்றொருவர் கேட்கலாம். இரவு வந்ததும் கைபேசியை எடுக்குமுன், பகலில் கண்டதையும் கேட்டதையும் கால்மணி நேரம் இல்லத்தாரிடம் பேசலாம். வழியில் கழியும் 3 மணி நேரமும் இறைவன் தந்த அமானத்தே. ஓதுவதற்கோ படிப்பதற்கோ அதில் ஒரு பகுதியேனும் ஆகட்டும்.

குற்றம் முழுவதையும் அலைபவர் தலையில் ஏற்றுவது நீதியன்று. வாடகையை அவர் நிர்ணயிக்கவில்லை. வேலை நேரத்தையும் அவர் வகுக்கவில்லை. ஆகவே கடை உரிமையாளர்களாகிய நம் சகோதரர்களிடமும் ஒரு சொல்: கல்லாக் கணக்கை அரைமணி நேரம் முன்னதாக முடித்தால், உங்களுக்கு இழப்பு சிறிது; தொலைவிலிருந்து வரும் ஊழியருக்கோ அது விழித்திருக்கும் தம் குழந்தையின் முகம். அவருக்குரிய கூலியை வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும் என்பதை அறிந்த நாம், அவருடைய குழந்தைக்குரிய நேரத்தையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வாழ்நாளை எவ்வாறு கழித்தாய் என்னும் கேள்வி மறுமையில் உண்டு. அக்கேள்வியில் வழியில் கழிந்த நாள்களும் அடங்கும். அந்நாளில் தக்க விடை கூறும் பேற்றை, உழைப்பவருக்கும் உழைப்பைப் பெறுபவருக்கும் அல்லாஹ் அருள்வானாக.